கச்சான் காலத்து ஆமைக்கறி

நான் சந்தேகப் பிறவி. பால்காரன் செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் என் வீட்டில் பால் ஊற்ற வேண்டும். மீன் வாங்கினால் செவுளைப் பிளந்து பார்ப்பேன், வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன், அப்புறமும் மனது ஆறாது. கொற்கைப் பக்கம் வயலும் வாழையுமாக வளர்ந்து, தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் பக்கத்தில் முன்னொரு காலத்தில் கடல் இருந்தது, பிறகு விலகிப் போய்விட்டது என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போகிற ஒன்றை எப்படி நம்புவது என்று சின்ன வயதிலேயே நினைத்திருக்கிறேன்.

வந்த இடத்தில் எல்லாமே அந்தக் கடலை வைத்துத்தான். வாடை அடிக்கும் மாதங்களில் ஒரு கடல், கச்சான் அடிக்கும் மாதங்களில் வேறு கடல். ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து கச்சான் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். சோற்றில் மணல், பாயில் மணல், பிள்ளையின் காதுக்குள் மணல். தண்ணீர் கலங்கிக் கிடக்கும். கரையில் பாசியும் கொழகொழவென்று சொறிமீனும் ஒதுங்கி நாறும். நேற்றுவரை கூடை கூடையாக வந்த சாளை மீன் எங்கே போனதென்று தெரியாது. புரட்டாசி வாக்கில் தண்ணீர் பச்சையாகும், அதைப் பூங்கோரை என்பார்கள், மீன் மயங்கி மிதக்கும். இந்த மாதம் இதைத் தின்னலாம், அதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். யார் சொன்னது என்று நான் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆமைக்கும் ஒரு சட்டம் உண்டு. பேராமையை எப்போதும் தின்னலாம். அழுங்காமையைக் கச்சான் காலத்தில் தொடக்கூடாது. கடலுக்கடியில் பாறைத் திட்டுகளில் கண்டதையும் மேய்ந்து அந்த மாதங்களில் அதன் கறி விஷமாகிவிடும் என்பார்கள். ஓட்டைப் பார்த்தால் எது எந்த ஆமை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வெட்டிய கறியில் ஒன்றும் தெரியாது, பிளந்து பார்க்கச் செவுளும் கிடையாது. அதனால் ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் காக்கைக்குப் போடுவார்கள். காக்கை தின்றால் நாமும் தின்னலாம்.

நான் சொல்வது யுத்த காலம். அரிசிக்கு ரேஷன். தெருவில் புது ஆள் வந்தால் ஒற்றனோ என்று ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்குத் தோதான காலம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்குத் துறைமுகத்தில் கணக்கர் வேலை. எனக்கு முதல் பிள்ளை பிறந்து மூன்று மாதம், பால் போதவில்லை. வீட்டில் இன்னொருத்தி அவருடைய அக்கா. நான் மைனி என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்து, பிள்ளையும் இல்லாமல் தம்பியோடு வந்து இருந்தாள். சமையல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள்தான்.

அந்தக் குளிப்பாட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. குளிப்பாட்டி முடித்த பிறகும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். என்னிடம் அழுகிற பிள்ளை அவள் தோளில் போட்டதும் அடங்கிவிடும். காதில் என்ன ஓதுகிறாளோ என்று நினைப்பேன். எனக்கென்று அவள் கிண்டித் தந்த லேகியத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன்.

ஆடி மாதம் ஒரு காலை, வாழையிலையில் பொதிந்த கறியோடு வந்தாள்.

"ஆமக்கறி கெடச்சிது. ஒனக்கு ரத்தம் ஊறும், பாலும் சொரக்கும்."

"கச்சான் அடிக்கையில ஆமையா? ஓடு எங்க மைனி?"

"ஓட்டக் கறி விக்கிறவன் எதுக்குத் தூக்கிட்டு வாரான்? பேராமதாம்ளா, சொல்லித்தான் தந்தான். வேணும்னா காக்காய்க்குப் போட்டுப் பாப்போம்."

அழுங்காமை ஓட்டுக்கு நல்ல விலை உண்டு என்பது எனக்குத் தெரியும். ஓட்டை ஒருவனுக்கும் கறியை இன்னொருவருக்கும் விற்றிருப்பான் என்று தோன்றியது. மைனி ஈரல் துண்டை முற்றத்து மதில்மேல் வைத்தாள். ஒரு காக்கை வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. கொத்தி எடுத்துக்கொண்டு பக்கத்தில் சரக்கு அடைக்கும் கிட்டங்கிப் பக்கம் பறந்தது.

"கொண்டுட்டுப் போயிட்டு. இனி என்ன?" என்று மைனி மசால் அரைக்க உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்துக்கொண்டு போவதும் தின்பதும் ஒன்றா? பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். எங்கள் மதிலுக்கும் கிட்டங்கிச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அங்கே மணலில் ஈரல் முழுசாகக் கிடந்தது. அலகு பட்ட ஒரு கீறல், அவ்வளவுதான். மேலே சுவரில் இரண்டு காக்கைகள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. காலால் மணலைத் தள்ளி அதை மூடினேன். வீட்டுக்குள் வந்து காலைக் கழுவினேன். ஒன்றும் சொல்லவில்லை.

மைனிக்கு இது தெரிந்திருக்குமோ என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. தெரிந்தே எனக்குக் கொடுக்கிறாளா? நான் போய்விட்டால் பிள்ளை யாருக்கு? தெரிந்திருந்தால் அவள் தின்னமாட்டாள், பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மத்தியானம் பரிமாற வந்தவளிடம், "எனக்கு வயிறு வலிக்கி மைனி, கஞ்சி போதும், நீங்க சாப்பிடுங்க" என்றேன். அவள் தட்டைப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதல் வாய் போனது. அப்போதே என் சந்தேகம் செத்துவிட்டது. அப்போதே கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தால், ஈரலைப் பார்த்ததையும் மூடியதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வாயும் மூன்றாவது வாயும் போயின. காக்கை செய்ய மறுத்த வேலையை நான் மைனியைச் செய்ய வைத்தேன். அவளுக்குப் பசி, ரேஷன் சோற்றோடு கறி ருசியாக இருந்திருக்கும், வழித்துத் தின்றாள்.

வீட்டுக்காரருக்கு எடுத்து வைத்ததை நாய் தட்டிவிட்டதாகச் சொல்லிப் புதைத்துவிட்டேன். அவரைக் காப்பாற்ற எனக்குப் புத்தி இருந்தது.

பொழுது சாயும் முன்பே மைனிக்கு வாயெல்லாம் எரிந்தது. குடல் வெளியே வருவதுபோல வாந்தி. மறுநாள் நாக்கில் வெள்ளை படிந்து, அதன்மேல் புண் வெடித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, மற்றது ஆண்டவர் விட்ட வழி என்று அனுப்பிவிட்டார்கள். கறி விற்றவனை வீட்டுக்காரர் கரையெல்லாம் தேடினார், அகப்படவில்லை. நான் இரண்டு பேருக்கும் பணிவிடை செய்தேன், தொட்டிலுக்கும் பாய்க்கும். எச்சில் விழுங்கவே அவள் கண்ணீர் விட்டாள். பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையால் கஞ்சித் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிழைக்கமாட்டாள் என்று நினைத்த இரவுகளில் செபமாலையைக் கையில் எடுக்கக்கூட எனக்குக் கூசியது.

ஒரு வாரம் கழித்துக் குரல் வந்தது. முதலில் கேட்டது பிள்ளையைத்தான்.

"பால் குடுத்தியா? நீ அந்தக் கறியத் தொடலல்லா?"

"இல்ல மைனி."

"ஆண்டவர் ஒனக்கு வயித்து வலியக் குடுத்துப் பிள்ளையக் காப்பாத்திட்டாரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீ சந்துக்குள்ள போனத நான் பாத்தேன். ஈரலத் தேடித்தான் போறன்னு தெரியும். திரும்பி வந்து ஒண்ணும் சொல்லல. ஒன்னய மாதிரி சந்தேகக்காரியே சும்மா இருக்கான்னா நல்ல கறிதான்னு நம்பித் தின்னுட்டேன். ஒங் கண்ணுக்கே தப்பிட்டு, பாத்தியா."

தப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாலாடையை நீட்டினேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மைனி வாயைத் திறந்தாள்.