எரித்துப் பார்த்த வேர்

என் கைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சரக்குப் பார்த்து எடுக்கும் வேலை எனக்கு. புடவை வந்ததும் ஓரத்தில் இரண்டு இழை உருவி எரிப்பேன். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். கலப்பு நூல் என்றால் உருகி, கெட்டியாக உருண்டு நிற்கும். இதையே வருடக்கணக்கில் செய்து செய்து, கல்யாண வீட்டில் பாயசத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறேன். "என்னைக் கட்டிகினப்போ ஒரு இழை உருவி எரிச்சிப் பாக்காம வுட்டியே" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் என் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தேன். பெரிய தியாகம் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு யாருடையதும் பொருந்தவில்லை, என்னுடையது பொருந்தியது. ஆனால் கொடுத்த பிறகு அவன் உடம்பின்மேல் எனக்கு உரிமை வந்துவிட்டது போல நடந்துகொண்டேன். அவன் ஊறுகாய் பாட்டில் பக்கம் கையை நீட்டினால் முறைப்பேன். அவனும் என்னைக் கேட்காமல் புதிதாக எதையும் வாயில் போடமாட்டான். "பொருள் உன்னுது. நான் வச்சிகினு இருக்கேன், அவ்ளோதான்" என்பான்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். உடம்புக்குள் இருக்கும் எதிர்ப்புச் சக்தி வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. புது ஆள் யார் வந்தாலும் விரட்டத்தான் பார்ப்பான். அக்காவுடைய சிறுநீரகம் என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவனைத் தூங்க வைக்கத்தான் காலையும் மாலையும் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நன்றாகத் தலையாட்டினேன். தம்பி கைபேசியில் இரண்டு வேளைக்கும் அலாரம் வைத்தேன்.

போன ஆடி மாதம் தம்பி மனைவியின் அண்ணன் வந்தவாசியிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தார். எனக்கு அவர்மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. முதலில் காந்தப் படுக்கை விற்றார், பிறகு தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் விற்றார். இப்போது கேப்ஸ்யூல் மாத்திரை. மஞ்சள் நிற வேர் ஒன்றின் படம் போட்டு, மேலே ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

"இது சாதா வேர் இல்லீங்கக்கா, அஸ்ட்ராகலஸ். சீனாக்காரங்க எவ்ளோ காலமா சாப்ட்டுகினு இருக்காங்க தெரியுமா? எதிர்ப்புச் சக்தி ஏறும், சோர்வு போவும், கிட்னிக்கு அவ்ளோ பலம். வயசே ஏறாதுன்றாங்க."

"நீங்க சாப்புடுறீங்களா?"

"ஆறு மாசமா."

அவர் தலையைப் பார்த்தேன். போன தடவை பார்த்ததைவிட நன்றாகவே நரைத்திருந்தது.

தம்பிக்கு மட்டும் அந்தப் பாட்டில்மேல் கண் இருந்தது. கம்ப்யூட்டரில் புடவைக் கரைக்கு டிசைன் போடுவது அவன் தொழில். மதியம் மூன்று மணிக்கெல்லாம் மேஜைமேல் தலையைச் சாய்த்துவிடுவான். அந்தச் சோர்வு அவனுக்குப் பெரிய பேஜார். "நீ சொன்னா சாப்புடுறேன்க்கா, இல்லன்னா வேணாம்" என்றான்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு மாத்திரையின் மூடியைப் பிரித்து, பொடியைத் தட்டில் கொட்டி, தீக்குச்சியைக் கிழித்தேன். வைக்கோல் எரிகிற நாற்றம் வந்தது. நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு, பச்சைப் பயறு மென்றது போல ஒரு வாசனை. இதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? மைதாவாக இருக்கலாம், மரத்தூளாக இருக்கலாம். சட்டென்று தெம்பு வர ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதுதான் என் பெரிய சந்தேகம்.

என் மகள் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். உணவுப் பொருளில் கலப்படம் பார்ப்பதுதான் அவள் வேலை. பத்து மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி, பாட்டிலில் போட்டிருந்ததையும் ஒரு தாளில் எழுதி அனுப்பினேன்.

"யாருக்கும்மா இது?" என்று போனில் கேட்டாள்.

"கடைக்கு வர்றவங்க ஒருத்தங்க கேட்டாங்கடி."

வேண்டுமென்றேதான் பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் மாமனுக்குப் போன் போடுவாள், அவன் மனைவிக்குத் தெரியும், அங்கிருந்து வந்தவாசிக்குப் போகும். அந்த ஆள் உஷாராகி நல்ல சரக்காகக் கொண்டுவந்து மாற்றி வைத்துவிடுவார். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அவர் முகத்துக்கு நேரே என்ன கேட்பது என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசிப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். "பாட்டில்ல இன்னா போட்டிருக்கோ அதான்மா உள்ள இருக்கு. அந்த வேரேதான். ஸ்டீராய்டு இல்ல, ஈயம் இல்ல. சுத்தமா இருக்கு."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் சரக்கு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பிடிக்காத ஆள் கொண்டுவந்த புடவை என்பதற்காகப் பட்டைப் பட்டில்லை என்று நான் சொன்னதில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். "அசல் சரக்குதான்டா. சாப்புடு."

அடுத்த தடவை வந்தவாசிக்காரர் வந்தபோது பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். சந்தேகப்பட்டதற்குப் பரிகாரம் போலத்தான். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு எரிச்சல் வந்தது, அடக்கிக்கொண்டேன். தம்பி மதியத்தில் தூங்காமல் வேலை செய்தான். முகம் தெளிந்த மாதிரி எனக்கே தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து, வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது; சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறுவது அது. மறுபடி எடுத்தார்கள், இன்னும் ஏறியிருந்தது. உடனே சென்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். நான்தான் கூடப் போனேன்.

"மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை. "புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, பவுடர்?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு, "இல்லீங்க டாக்டர்" என்றான்.

எனக்காகத்தான் அந்தப் பொய். தங்க வேண்டியிருக்கும் என்று அவன் மாத்திரைகளையெல்லாம் என் பையில் வைத்திருந்தேன். அந்தப் பாட்டிலும் அதில்தான் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சுத்தமான சரக்குங்க டாக்டர். லேப்ல குடுத்துப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

அவர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். "சுத்தமா இருக்கறதுதாம்மா பிரச்சினை. வெறும் மாவா இருந்திருந்தா நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்னுதானே இதை விக்கறாங்க? நாம இவருக்கு அதை அடக்கித்தானே வச்சிருக்கோம்? இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இது இவர் சாப்பிடக் கூடாத பொருள்."

காவல்காரனைத் தூங்க வைக்க அலாரம் வைத்தவளும் நான்தான், எழுப்பிவிடச் சொன்னவளும் நான்தான். சரக்கு அசலா போலியா என்று பார்த்தேன். யார் சாப்பிடப் போகிறார்கள் என்று பார்க்கவில்லை. யாருக்கு என்று கேட்ட மகளிடமும் மறைத்தேன்.

ஊசியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். எந்த ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று பயந்தேனோ, அதையே மூன்று நாள் நரம்பில் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை, இனி வராது என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த மகள் கதவோரம் நின்று, "யாருக்குன்னு கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னாள். வந்தவாசிக்காரரும் வந்து அழுதார். ஏமாற்றியிருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அந்த மனிதர் என்னை ஏமாற்றவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். கூடையில் இருந்த கொய்யாப்பழம் ஒன்றை எடுத்தான்.

"அக்கா, சாப்புடலாமா?"

"என்னைக் கேக்காதடா. டாக்டரைக் கேளு."

"கேட்டுட்டேன். நல்லா கழுவிட்டு சாப்புடலாம்னாங்க." பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "நீ சொல்லு."

அவன் கையிலிருந்து பழத்தை வாங்கிக் குழாயடியில் கழுவினேன், சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.