தாலிக்கு முன் விழுந்த அட்சதை

மதுரைக் கீழமாசி வீதியில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். என்னைத் தவிர அத்தனை பேரும் அப்பன் வைத்துவிட்டுப் போன மண்டியில் உட்கார்ந்தவர்கள். மூட்டை தூக்க வந்து அதே மண்டிக்கு முதலாளி ஆனவன் நான் ஒருவன்தான். எழுமலைப் பக்கத்திலிருந்து வண்டி வந்து நின்றால், அவிழ்க்காத சாக்கின் ஓரத்தை முகர்ந்தே இது போன மாசக் காய், இது எடை கூடத் தண்ணீர் தெளித்த காய் என்று சொல்லிவிடுவேன். வண்டிக்காரன் வாயைத் திறக்க மாட்டான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. இதில் எழுத்துப் பிழை திருத்த ஆள் வைத்திருக்கிறேன்; சொல் எல்லாம் என்னுடையது.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். ஆனால் சொல்ல வந்தது வேறு. யுத்த காலத்தில் என் உடம்புக்கு வந்ததையும், அந்த உடம்பை வைத்துக்கொண்டு என் ஒரே மகளை நானே மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும்.

முதலில் ரத்தம் போயிற்று. வத்தல் வியாபாரிக்குச் சூடு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கப் போகிறது, மூலம்தான் என்று நானே முடிவு கட்டினேன். மூலத்துக்கு வைத்தியம் சொல்லாத ஆள் மதுரையில் கிடையாது. கருணைக்கிழங்கு தின்றேன். துத்தி இலையை வதக்கிக் கட்டினேன். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வைத்தியர் கொடுத்த லேகியத்தைச் சட்டி சட்டியாக நக்கினேன். ஒரு வருஷம் இப்படியே போனது. இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு மெலிந்த பிறகுதான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் விரலை விட்டுப் பார்த்தார். கையைக் கழுவித் துடைத்தார். பிறகு தமக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மலக்குடலின் கடைசியில் புற்று வளர்ந்திருக்கிறது. அதை அறுத்து எடுக்க வேண்டும். எடுத்தால் கீழ்வழி அடைபட்டுப் போகும். இடது வயிற்றில் வேறு வழி திறக்க வேண்டும். சாகும் வரைக்கும் மலம் அந்த வழியாகத்தான்.

நான் பேரம் பேசிப் பார்த்தேன். கொஞ்ச நாள் வயிற்றில் வைத்துவிட்டுப் பிறகு மூடக் கூடாதா, கெட்ட பகுதியை மட்டும் செதுக்கி எடுக்கக் கூடாதா என்றெல்லாம் கேட்டேன். எத்தனை வியாபாரிகளை மடக்கியவன் நான். அவர் மசியவில்லை.

இரண்டு தடவை அறுத்தார்கள். முதல் தடவை வயிற்றில் வழி திறந்தார்கள். அது ஆறிய பிறகு கீழே அறுத்துப் புற்றை எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. தலை மட்டும் விழித்திருந்தது. மூட்டை சுமந்த உடம்பு இது. நான் முனகியதை அந்த வார்டில் ஒருவரும் கேட்டதில்லை.

ஆனால் கட்டைப் பிரித்து முதன்முதலாக வயிற்றைப் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செடியில் பழுத்த மிளகாயை மழையில் நனைத்துப் பார்த்தால் ஒரு சிவப்பு இருக்குமே, அந்தச் சிவப்பு. என்னைக் கேட்காமல் தானாக அசைந்தது. நர்ஸம்மா, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"பாருங்கய்யா. நாளைக்கு நான் வந்து கழுவ மாட்டேன். இது உங்க உடம்புதானே, வேற யாருதும் இல்லியே."

கழுவுகிற முறையையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். எனாமல் டப்பாவை ஆணியில் மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை ரப்பர் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, காத்திருந்து கழுவ வேண்டும். காலையில் பொறுமையாகச் செய்துவிட்டால் பெரும்பாலும் மறுநாள் வரை தொந்தரவு இருக்காது. பஞ்சு வைத்து, துணிப்பட்டை கட்டிக்கொண்டு வெளியே போகலாம். உளுந்து, வெங்காயம், மொச்சை கூடாது. காற்று சேரும். காற்று வந்தால் சத்தம் வரும். அதை அடக்க முடியாது, அடக்குகிற தசையைத்தான் எடுத்தாயிற்று என்றாள். யுத்தத்தில் ரப்பர் குழாய் கிடைக்காமல் போனபோது பஸ் பட்டறையில் சொல்லி வைத்து ஒன்று வாங்கினேன். உட்காருகிற இடம் ஆறாமல் வலித்ததற்குச் சைக்கிள் டியூபைச் சுருட்டித் துணி சுற்றி வளையம் செய்துகொண்டேன். இதையெல்லாம் எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது.

வீட்டுக்கு வந்த புதிதில் துணியை என் மனைவிதான் அலசினாள். ஒரு நாள் கிணற்றடியில் அவளைப் பார்த்தேன். வாளிக்கு மேலே குனியும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள், நிமிர்ந்த பிறகுதான் மூச்சு விட்டாள். அன்று சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கொண்டு மண்டிக்குப் பின்னால் இருந்த அறைக்குப் புறப்பட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றாள்.

"சொல்லலை."

"பெறகு எதுக்குப் போறீக?"

பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். போய்விட்டேன். அவளும் பிறகு கூப்பிடவில்லை. வேளாவேளைக்குத் தூக்குச் சட்டியில் குழைந்த சோறும் மோரும் வந்துவிடும்.

மண்டி அறையில் ஒரு வசதி இருந்தது. வத்தல் நெடியில் வேறு எந்த வாடையும் எடுபடாது. வருகிறவர்கள் தும்மிவிட்டுப் பேசுவார்கள், தும்மிக்கொண்டே போவார்கள். அந்த நெடிக்கு நடுவில்தான் நான் மனிதர்களோடு நிம்மதியாக உட்கார்ந்தது. வீதிக்கு வந்தால் கூட்டம் இருக்கிற பக்கம் போக மாட்டேன்.

விஷயம் எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். தம்பியிடமே மூல ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன். காரணம் என் மகள். தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் குமாஸ்தாவின் பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தது. வயிற்றில் ஓட்டை போட்டவன் வீட்டில், அதுவும் புற்று வந்த வீட்டில், யார் பெண் எடுப்பார்கள்? ஆனால் நான் தனியாகப் படுப்பதும், தனியாகச் சாப்பிடுவதும், காலையில் குளியலறைக்குள் போனால் வெளியே வர நேரமாவதும் ஊர் கண்ணில் படாமல் இருக்குமா? கேள்வி வந்தது.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பழனி முருகனுக்கு மாலை போட்டுக்கொண்டேன். மாலை போட்டவன் தனிப் பாயில் படுப்பான், தனி இலையில் உண்பான், காரம் தொட மாட்டான், தன் துணியைத் தானே துவைப்பான், யாரும் அவனை இடிக்காமல் ஒதுங்கி நடப்பார்கள். எனக்கு வேண்டியது அத்தனையும் அந்த ஒரு மாலையில் இருந்தது. காவி வேட்டியில் கறையும் தெரியாது. கேட்டவர்கள் எல்லாம், மகள் கல்யாணத்துக்காக எம்புட்டுக் கடுமையான விரதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மண்டி ஆட்கள் என்னை முதலாளி என்பதை விட்டுச் சாமி என்றார்கள். பழைய சிநேகிதன் ஒருவன், பார்த்ததும் முதுகில் அறைந்து பேசுகிறவன், கையை ஓங்கிவிட்டு மாலையைப் பார்த்து இறக்கிக்கொண்டான். அந்த அடிக்கு முதுகு காத்திருந்தது எனக்குத்தான் தெரியும்.

கல்யாணம் நெருங்கியதும் தம்பி வந்தான். உட்கார முடியாமல் நான் நெளிவதை அவன் கவனித்திருந்தான்.

"அண்ணே, ஒங்களுக்கு ரெண்டு மணி நேரம் மணையில உக்கார முடியாது. நானும் எம் பொண்டாட்டியும் உக்காந்து தாரை வாத்துக் குடுத்துடுறோம். நீங்க முன்னால நாக்காலியப் போட்டுப் பாருங்க."

"எம் மகளுக்கு அப்பன் இல்லையாடா?"

"இருக்கீக. இல்லைன்னு யாரு சொன்னா? முடியலைன்னுதான் சொல்றேன்."

முடியாது என்ற சொல்லைக் கேட்டு நான் எதையும் விட்டவன் இல்லை. ஆனால் பயம் இருந்தது. சட்டை இல்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டி, ஓமத்துக்கு முன்னால் உட்கார வேண்டும். துண்டை அகலமாகச் சுற்றினால் பட்டையை மறைக்கலாம். டியூப் வளையத்தைக் காவித் துணிக்குள் மறைக்கலாம். முதல் நாளிலிருந்து பட்டினி கிடந்தால் மலத்தையும் தடுக்கலாம். சத்தத்தை என்ன செய்வது? சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போது வயிறு கத்தினால் அத்தோடு போயிற்று.

தவில்காரர் வீட்டுக்குப் போனேன். அறுவையைப் பற்றிச் சொல்லாமல், வயிற்றில் வாயு, அடக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். தாலி கட்டும்போது தும்மலும் அழுகையும் காதில் விழாமல் இருக்கத்தானே கெட்டிமேளம் கொட்டுகிறீர்கள், எனக்காகவும் கொட்ட வேண்டும் என்றேன். மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னையே பார்த்தார்.

"தும்மலுக்கு அடிச்சிருக்கேன். சண்டைக்கு அடிச்சிருக்கேன். வயித்துக்கு அடிச்சதில்ல முதலாளி."

"அடிப்பீகளா, மாட்டீகளா?"

"வயிறு கத்துறது எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க கழுத்து மாலையைத் தொடுங்க. தொட்டா அடிக்கிறேன்."

கல்யாணம் ஒரு சத்திரத்தில் நடந்தது. விரதத்தில் இருப்பவர் மணையில் உட்காரலாமா என்று சம்பந்திக்குச் சந்தேகம். பெற்றவருக்குத் தோஷமில்லை என்று ஐயர் தீர்த்து வைத்தார். உட்கார்ந்தேன். பக்கத்தில் மனைவி. அவ்வளவு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் தோள் என் மேல் பட்டது. கீழே வலி பிடுங்கியது. முகத்தில் காட்டவில்லை. வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும் என்று கூட்டம் என்னைப் பார்த்தது, அல்லது பார்த்ததாக எனக்குப் பட்டது.

மாப்பிள்ளைக்குப் பாதம் கழுவக் குனிந்தேன். வயிறு மடங்கியது. உள்ளே காற்று உருண்டு வருவது தெரிந்தது. மாலையைத் தொட்டேன்.

தவில்காரர் சொன்ன சொல் தவறாதவர். சத்திரத்து ஓடு அதிர அடித்தார். நாகஸ்வரக்காரர் ஒன்றும் புரியாமல் சேர்ந்துகொண்டார். வயிறு கத்தியதோ இல்லையோ, எனக்கே கேட்கவில்லை. ஆனால் நானும் அவரும் யோசிக்காத ஒன்று நடந்தது. கெட்டிமேளம் கேட்டால் சனங்களுக்கு ஒன்றுதான் தெரியும். பின்வரிசையில் இருந்தவர்கள், தாலி ஏறிவிட்டது என்று எழுந்து அட்சதையை வீசினார்கள். முன்வரிசைக்காரர்கள், பின்னால் இருப்பவர்களே பார்த்துவிட்டார்கள் போல என்று தாங்களும் வீசினார்கள். மாப்பிள்ளையின் ஒரு கால் தாம்பாளத்தில் இருந்தது. தாலி தேங்காய் மேல் இருந்தது. எங்கள் தலையெல்லாம் மஞ்சள் அரிசி.

ஐயர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நான் மாலையிலிருந்து கையை எடுத்த பிறகுதான் மேளம் நின்றது. கூட்டம் முணுமுணுத்தது. தாலிக்கு முன்னால் அட்சதை விழுவது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று பெண்கள் பக்கம் பேச்சு ஓடியது. சம்பந்தியின் முகம் சுருங்கியது. நான் கட்டிக் காத்தது எல்லாம் அந்த நிமிஷத்தில் கவிழ இருந்தது.

காப்பாற்றியது சம்பந்தியின் அக்கா. அந்த அம்மாள் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சாமி மாலையைத் தொட்டாரு, மேளம் தானா முழங்குச்சு. முருகன் முந்திக்கிட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டான். இதுல என்ன பேச்சு?"

பேச்சு அடங்கியது. தவில்காரர் வேறு எங்கோ பார்த்தார். என் மனைவி குனிந்த தலை நிமிரவில்லை. அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

பிறகு ஐயர் சொல்ல, மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தேன். மனைவி தண்ணீர் வார்த்தாள். மகளின் கை சில்லென்றிருந்தது. மருதாணி வாசனை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஐயர் மாப்பிள்ளையிடம் சொல்லும் வரைக்கும் அதைப் பிடித்திருந்தேன். கீழமாசி வீதியில் எத்தனையோ பேர் பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்கள். இப்படி ஒரு உடம்போடு உட்கார்ந்து கொடுத்தவன் யாரென்று கேட்டுப் பாருங்கள்.

பந்தி போட்டார்கள். பட்டினி என் கண்ணை இருட்டியது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எதிரில் உட்கார்ந்து நாலு வாய் மோர்ச்சோறு சாப்பிட்டு எழுந்துவிடலாம் என்று வந்தேன். சம்பந்தி ஓடி வந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார்.

"சாமி இங்க உக்காரக் கூடாது. ஒங்களுக்குத் தனியா ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

"இங்கயே உக்காருறேன் சம்பந்தி. கொஞ்சந்தான் சாப்பிடுவேன்."

"எங்க அக்கா சொன்னதக் கேட்டீகள்ல? ஒங்களைப் போயி இந்தக் கூட்டத்துல உக்கார வைக்கவா?"

பின்கட்டில் ஒரு அறையை மெழுகிக் கோலம் போட்டு, தலைவாழை இலை விரித்து, விளக்கு ஏற்றியிருந்தார். கதவை அவரே மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. நான் மோரை ஊற்றிப் பிசைந்தேன். வெளியே சாம்பார், ரசம் என்று சத்தம். மாப்பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொல்லித் தம்பி யாரையோ அதட்டினான். அது நான் அதட்ட வேண்டிய அதட்டல். மகள் எதற்கோ சிரித்தாள்.

ஜட்கா வந்து நின்றது. தல்லாகுளத்துக்குப் புறப்படும் முன் மகளும் மாப்பிள்ளையும் விழுந்து கும்பிட வந்தார்கள். அவள் வழக்கம்போல் என் காலைத் தொடக் கை நீட்டினாள். சம்பந்தியின் அக்கா பின்னாலிருந்து, தொடக் கூடாது, தள்ளி நின்று கும்பிடு என்றாள். மகள் கையை இழுத்துக்கொண்டு தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வாரேன்ப்பா. விரதம் முடிச்சிட்டு எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருக்கணும்."

"வாரேன்," என்றேன்.

விபூதியை எடுத்து, அவள் நெற்றியில் என் விரல் படாமல், மேலேயிருந்து தூவினேன்.