சொம்புத் தண்ணியோட போன பல்லு

டயானா பயந்தவ. அத மொதல்லயே சொல்லிப்புடுறேன். கரப்பான் பூச்சிக்குப் பயப்படுற பயம் இல்ல. வேலையில பயம். தல்லாகுளத்துல மாடியில இருக்கிற பல் ஆஸ்பத்திரியில அவ இருபத்திரெண்டு வருசமா டாக்டருக்குப் பக்கத்துல நிக்கிறா. நான் அங்க கூட்டித் தொடைச்சு, சாமான் கழுவிக் கொடுக்கிறவ. பேரு ராமக்காள். கீழக்குயில்குடியில இருந்து தெனம் பஸ்ல வாரேன்.

டயானாவோட அப்பா மிசன் ஸ்கூல்ல பியூனா இருந்து செத்துப்போனாரு. பதினெட்டு வயசுல டோக்கன் கொடுக்க வந்த புள்ள. பாத்துப் பாத்தே எல்லாம் படிச்சுக்கிட்டா. வேருக்குள்ள விடுற ஊசிய நீளம் பாத்து அடுக்கி வைப்பா. நரம்பை எடுத்த ஓட்டைய அடைக்க ரோஸ் கலர்ல குச்சி ஒண்ணு இருக்கு, அதுல எது எந்தப் பல்லுக்குன்னு டாக்டர் வாயத் தொறக்கு முன்னாடி எடுத்து நீட்டுவா. ஆனா சர்டிபிகேட் கிடையாது. "அடுத்த வருசத்துல இருந்து கோர்ஸ் முடிச்ச புள்ளைகதான் வேணும்மா"ன்னு டாக்டர் சூரியபிரகாஷ் சொல்லி வச்சிருந்தாரு. அதுல இருந்து இவளுக்குச் சோறு எறங்கல. சின்னத் தப்பு நடந்தாலும் வீட்டுக்கு அனுப்பிருவாகன்னு பயம்.

தப்பும் நடந்துச்சு.

பஞ்சாபகேசக் குருக்கள்னு ஒருத்தரு, சின்ன சிவன் கோயில்ல பூசை பண்றவரு. அறுபத்தஞ்சு வயசிருக்கும். கீழ் வரிசையில கடைவாய்ப் பல்லு ஒண்ணு விழுந்துபோயி, எலும்புல டைட்டானியம் திருகு வச்சு மூணு மாசம் ஆற விட்டாக. எலும்பு அதைக் கவ்விப் பிடிச்சிருச்சா இல்லையான்னு டாக்டர் கம்பியால தட்டித் தட்டிப் பாத்தாரு. பிடிச்சிருச்சு. அதுக்கு மேல ஒரு கட்டை. கட்டைக்கு மேல மாட்டுற கேப்பு ஜிர்கோனியான்னு ஒரு பீங்கான்ல வந்திருச்சு. புளியங்கொட்டையத்தண்டி இருக்கும். வெளிய வழுவழுன்னு வெள்ளக்கல்லு கணக்கா, உள்ள குழிவா. அன்னைக்குப் பக்கத்துப் பல்லுக்கு ரூட் கேனாலும் முடிச்சாக. அதுக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்தாக. அதனால அந்தப் பக்கத்துக் கன்னமும் நாக்கும் குருக்களுக்கு அவரோடது மாதிரியே இல்ல.

கேப்பை மொதல்ல சிமெண்டு வைக்காம மாட்டிப் பாப்பாக. நீலப் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, எங்க ஒசரமா இருக்கோ அங்க தேய்ப்பாக. அப்ப தொண்டைக்கு முன்னாடி துணிப்பஞ்சை மடிச்சு வைக்கணும். வாலு வெளிய தொங்கும். எது நழுவுனாலும் அதுல தங்கிரும். டயானா ஒரு நாளும் மறந்ததில்ல. அன்னைக்கும் வச்சா. குருக்களுக்குக் குமட்டிருச்சு. கண்ணுல தண்ணி ஓட கையாட்டுனாரு. அவ பாவம் பாத்து எடுத்துட்டா. கேப்பு ஒட்டாம வாயிலயே இருக்கு, அந்த நேரம் பாத்து டாக்டரை அடுத்த ரூமுல கூப்புட்டாக.

"வாயெல்லாம் பொடியா இருக்கும்மா"ன்னாரு குருக்கள்.

"கொப்பளிச்சுத் துப்புங்க சாமி"ன்னு நாற்காலிய நிமுத்தி, டம்ளரைக் காட்டுனா.

அவரு அந்த டம்ளரைத் தொடுவாரா? பத்து பேரு வாய் வச்சது. அவரு சொம்பு நாற்காலிக்குக் கீழ துண்டுல சுத்தி இருந்துச்சு. எடுத்தாரு. தலைய அண்ணாந்தாரு. அம்புட்டு ஒசரத்துல இருந்து தண்ணிய ஊத்துனாரு. உதட்டுல படாமக் குடிச்சே பழகுன மனுசன், அண்ணாந்தா தொண்டை தானாத் தொறக்கும்ல? கொப்பளிக்க எங்க? கடக்குன்னு ஒரு சத்தம். ரெண்டு இருமல். அம்புட்டுத்தான்.

டாக்டர் வந்து வாயப் பாத்தாரு. "கேப் எங்க?"

டயானா மூஞ்சி சுண்ணாம்பாப் போச்சு. துப்புற தொட்டியில கைய விட்டா. நான் அந்தச் சல்லடையக் கழட்டிக் கொட்டிப் பாத்தேன். பஞ்சும் எச்சியுந்தான் இருந்துச்சு. எச்சிய உறிஞ்சுற மிசினோட பாட்டிலையும் பாத்தோம். இல்ல.

"சாமி, இருமுனீங்களே, நெஞ்சுல குத்துதா?"ன்னு கேட்டாரு டாக்டர்.

"தெரியலையே. மரத்துக் கெடக்கு."

வயித்துக்குள்ள போனா தானா வெளிய வந்துரும். மூச்சுக்குழாய்க்குள்ள போனா நுரையீரல்ல மாட்டி சீப்பிடிச்சு, குழாய் விட்டு எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அடுத்த ரூமுல ஒருத்தருக்கு வாயத் தொறந்து போட்டிருந்துச்சு, அவரால நகர முடியல. "டயானா, நீ கூட்டிட்டு ஓடு. எக்ஸ்ரே படம் எடுத்து எனக்கு அனுப்பு"ன்னாரு. நானும் கெளம்புனேன். அவ இருந்த இருப்புக்கு அவளையே ஒருத்தர் பிடிச்சுக்க வேண்டியிருந்துச்சு.

ஆட்டோவுல குருக்கள் நடுவுல, நாங்க ரெண்டு பக்கமும். வேகத்தடை வந்தா இருமுவாரு. அவரு இருமுனா இவ சிலுவை போட்டுக்குவா.

"ஏ புள்ள, கைய மடியில வையி. சாமிக்கு இன்னும் பயம் காட்டாத"ன்னேன்.

"ராமக்கா, பஞ்சை நான்தான எடுத்தேன்."

"அத டாக்டர்ட்ட சொல்லித் தொலையாத. நான் ஒண்ணும் பாக்கல."

அவ கேக்கல. குருக்கள் பக்கம் திரும்பி, "சாமி, நான் பஞ்சை எடுத்திருக்கக் கூடாது. தப்பு என்னோடது"ன்னுட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வேலை போயிருமேன்னு பயந்து சாகுறவ, தானாப் போயி தலையக் கொடுக்குறா.

குருக்கள் ஒரு பக்கம் கோணிப்போன வாயோட, "முழுங்கினது நான்தானேம்மா"ன்னாரு. "ஆத்துல அகிலாண்டத்துக்கு மட்டும் இப்போ சொல்லாதே. அவ வந்தா எக்ஸ்ரேயே வேண்டாம், பார்வையாலேயே பாத்துடுவா."

எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அவ சிரிக்கல.

படம் எடுக்கிற எடத்துல ஜோன்னு ஒரு பையன். துண்ட எடுக்கச் சொன்னான், பூணூலைத் தள்ளிப் போடச் சொன்னான், பலகையில நெஞ்சை ஒட்டி நிக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்துல கம்ப்யூட்டர்ல படம் வந்துச்சு. நெஞ்சுக்கு நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு.

ஜோ டாக்டருக்கு அனுப்புனான். டாக்டர் உடனே போன்ல வந்தாரு. "நெஞ்சுல தெரியுதேம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நான் அங்க வந்துர்றேன். சாமிய நடக்க விடாத."

டயானா சுவத்துல சாஞ்சு அப்படியே சறுக்கி உக்காந்துட்டா. வாயில "இயேசப்பா, இயேசப்பா"ன்னு முணுமுணுப்பு. குருக்களும் கண்ண மூடிட்டாரு, அவரு வாயில சிவநாமம். எனக்கு எந்தச் சாமியக் கூப்புடுறதுன்னு தெரியல, தண்ணி கொடுக்கலாமான்னு கூடத் தெரியல. தண்ணிதான இம்புட்டுக்கும் காரணம்.

ஆட்டோவக் கூப்புட நான் வாசலுக்குப் போறேன், உள்ள இருந்து அவ குரலு. "அண்ணே, அந்தப் படத்தைப் பெருசாக்குங்க."

திரும்பி வந்தேன். தரையில கெடந்தவ கம்ப்யூட்டர்ல மூக்கு இடிக்க நிக்கிறா.

"இது நம்ம கேப்பு இல்ல."

"டாக்டரே சொல்லிட்டாருக்கா"ன்னான் ஜோ.

"டாக்டர் போன்ல பாத்தாரு. காலையில இருந்து அந்தக் கேப்பைக் கழுவுனது நான், தொடைச்சது நான், கையில வச்சுக்கிட்டு இருந்தது நான். அது அடியில நாலு மூலையா இருக்கும். உள்ள குழி இருக்கு, படத்துல நடு மட்டும் மங்கலா விழணும். இது உருண்டை. மேலயும் கீழயும் மூடி போட்ட மாதிரி இருக்கு." அவரு பக்கம் திரும்புனா. "சாமி, கழுத்துல என்ன போட்டிருக்கீங்க?"

குருக்கள் நெஞ்சைத் தடவுனாரு. வெளிறிப்போன மஞ்சக் கயித்துல, வெள்ளிப் பூண் கட்டுன ஒத்த உருத்திராட்சம். தோலோட தோலா ஒட்டிக் கெடந்துச்சு.

"இது உபநயனத்துல அப்பா கட்டினது. கழட்டினதே இல்லையேம்மா. இதையும் கழட்டணும்னு தெரியாதே."

"நீங்க கழட்ட வேணாம் சாமி. முதுகுப் பக்கமா மேல தூக்கிப் பிடிச்சுக்கங்க."

அந்தக் கயித்தைத் தொட எங்க மூணு பேருக்கும் கூசிச்சு. அவரே பிடரிக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. மறுபடி படம். நெஞ்சு சுத்தமா இருந்துச்சு. வயித்துக்கு ஒரு படம். இடது விலாவுக்குக் கீழ, நாலு மூலையா, நடு மங்கலா உக்காந்திருந்துச்சு எங்க கேப்பு. ஜோ அதையும் அனுப்புனான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னுட்டாரு டாக்டர்.

அப்பத்தான் டயானா அழுதா.

அதுக்கப்புறமும் மூணு நாளு அவ தூங்கல. வெளிய வரணுமே. குடல்ல எங்கயாச்சும் நின்னுக்கிட்டா? காலையில வந்ததும் போன் போடுவா. அவரு சம்சாரம் அகிலாண்டம் மாமி எடுப்பாக. அந்தம்மா குரலு போனுக்கு வெளிய எனக்கே கேக்கும். "இன்னும் இல்லடி! பூஜைக்குப் போற மனுஷனைக் கொல்லைப்புறத்துல குச்சியோட நிறுத்தி வெச்சுட்டேளே! நாலு தடவை குளிக்கறார்!"

டாக்டர் அந்த மூணு நாளும் கோர்ஸ் படிச்ச புள்ளையப் பத்திப் பேசல. டயானா பஞ்சை எடுத்த கதைய அவரு கிட்டயும் ஒப்பிச்சுட்டா. அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "நானும் பாதியில எந்திரிச்சுப் போயிருக்கக் கூடாது"ன்னு மட்டும் சொன்னாரு.

நாலாம் நாளு குருக்களே படியேறி வந்தாரு. மருந்து டப்பா ஒண்ணை மேசையில வச்சாரு, உள்ள கேப்பு. மாமி மஞ்சத்தண்ணியில எத்தனை தடவை அலசுனாகளோ, ஜிர்கோனியா லேசா மஞ்சப் பூத்துக் கெடந்துச்சு.

"ஆட்டோகிளேவ்ல போட்டா கிருமி ஒண்ணும் நிக்காது சாமி. இதையே மாட்டிரலாம்"னாரு டாக்டர்.

"சிவ சிவா! போன வழியை யோசிச்சுப் பாருங்கோ. அதை வெச்சுண்டு நான் மந்திரம் சொல்றதா?"

புதுசு செய்யச் சொல்லியாச்சு. பத்து நாளு கழிச்சு வந்துச்சு. டயானா அவரை உக்கார வச்ச ஒடனே கைய நீட்டுனா.

"சொம்பைக் கொடுங்க சாமி."

"ஏம்மா, அதை நான் பத்திரமா..."

"கொடுங்க."

கொடுத்தாரு. அடுத்த சாதிக்காரி கையில அந்தச் சொம்பை அவரு கொடுத்து நான் பாக்கல, அன்னைக்குக் கொடுத்தாரு. துணிப்பஞ்சை வச்சா. குமட்டிச்சு. அவ எடுக்கல. "மூக்கால மூச்சு விடுங்க சாமி, மூக்கால"ன்னு அவரு தோள்ல தட்டிக்கிட்டே நின்னா. நீலப் பேப்பரு, தேய்ப்பு, மறுபடி நீலப் பேப்பரு. டாக்டர் அந்த எடத்தை விட்டு நகரல. கடைசியில சிமெண்டு வச்சு அமுக்கி, எறுகுற வரைக்கும் கடிச்சுக்கச் சொன்னாக.

"வாய் கொப்பளிக்கணும்மா"ன்னாரு எந்திரிச்சு உக்காந்து.

டயானா எங்கள எல்லாம் ஒருதரம் பாத்தா. பெறகு அவரைத் தொட்டி மேல குனிய வச்சா. "உங்க கையக் குழிச்சுப் பிடிங்க சாமி"ன்னா. சொம்பைச் சாச்சு அவரு உள்ளங்கையில தண்ணி ஊத்துனா. அவரு கை, அவரு சொம்பு, யாரு எச்சியும் இல்ல. குனிஞ்சபடியே உறிஞ்சிக் கொப்பளிச்சுத் துப்புனாரு.

டயானா டார்ச்சை எடுத்து அவரு வாய்க்குள்ள அடிச்சுப் பாத்தா. பல்லு இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் சொம்பைத் திருப்பிக் கொடுத்தா.