மோட்டாரை அணைத்த நிலவழகன்

நிலவழகனுக்கு முப்பத்துநான்கு வயது. திருமயத்துக்காரன். திருச்சியில் இன்ஜினியரிங் படித்தான். அதோடு அதை விட்டுவிட்டான். சென்னையில் 'கருப்புத் தும்பி' என்று ஒரு பேண்டு நடத்தினான். சைக்கடெலிக் ராக்காம். கேட்டால் தலை சுற்றும், சுற்றத்தான் வேண்டுமாம். பாடகர் கனடாவுக்குப் போய்விட்டார். கீபோர்டுக்காரர் கல்யாணம் செய்துகொண்டு விலகிவிட்டார். மிச்சம் இவனும், டிரம்ஸ் அடிக்கும் ஜெஸ்வினும். பேண்டு உடைந்த நேரத்தில்தான் 'மாற்றம்' என்று ஆல்பம் போடத் தோன்றியது.

அதே மாதம் அவன் அப்பா உதயசூரியனுக்குப் பக்கவாதம் வந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்; மனைவி இல்லை. கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பகலில் பார்த்துக்கொள்ள நர்ஸாக என்னை வைத்தார்கள். இரண்டு மணிக்கொரு தரம் ஆளைப் புரட்ட வேண்டும். அவருக்குக் கீழே ஏர் பெட், காற்று ஏறும் மெத்தை. அதன் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண்.

மகன் ஜெஸ்வினோடு திருமயம் வந்து, ரெக்கார்டிங் சாமான்களை அப்பா படுத்திருந்த கூடத்திலேயே இறக்கினான். அங்கேதான் எதிரொலி நன்றாக வருகிறதாம்.

"சிஸ்டர், மோட்டார் சத்தம் மைக்குல வுழுகுது. கொஞ்சம் நிறுத்துங்க."

"ஒங்க பாட்ட நிறுத்துங்க தம்பி. மெத்தை அமுங்கிரும்."

"ஆல்பம் பேரே மாற்றம். நீங்க ஒண்ணையும் மாத்த விட மாட்டேங்கிறீங்க."

"ஒங்கப்பாவ இங்கிட்டு ஒருக்களிச்சு மாத்தணும். வந்து ஒரு கை புடிங்க."

போன் வந்ததுபோல வாசலுக்கு நழுவினான். ஜெஸ்வின்தான் வந்து பிடித்தான்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. "நான் பாத்துக்கிறேன்" என்றான் நிலவழகன். திங்கள் காலை போனால் மோட்டார் ஓடவில்லை. மெத்தை சப்பையாகக் கிடந்தது. பெரியவரைப் புரட்டினேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்று, சதை தெரிந்தது.

"எப்ப அணைச்சீங்க?"

"நேத்து காலையில. பாட்ட மூணு டேக் ரெக்கார்டு பண்ணேன், அருமையா வந்துச்சு சிஸ்டர். திரும்பப் போட மறந்துட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லலையே?"

"அவரு எதத் தம்பி சொல்லுவாரு?"

 ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த மூன்று டேக்கையும் கேட்க உட்கார்ந்தான்.

புண் ஆற ஒன்பது வாரம் ஆயிற்று. மருந்து வைத்துக் கட்டும்போதெல்லாம் பெரியவர் பல்லைக் கடிப்பார். அதற்குள் ஆல்பம் வெளிவந்துவிட்டது. அதில் பத்து நிமிடம் 'மாறு, மாறு' என்று மகன் கத்துகிறான். முகப்பில் ஒரு சமர்ப்பணம். அதை அப்பாவின் முகத்தருகே போனை நீட்டிப் படித்துக் காட்டினான்.

"எல்லா மாற்றத்திலும் என்னோடு இருந்த அப்பாவுக்கு."

உதயசூரியன் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். தலையை மட்டும்தான் அவரால் தானாகத் திருப்ப முடியும்.