பஞ்சு வைத்த காது

அந்தப் பெட்டி இன்னும் பள்ளியின் மர அலமாரிக்கு மேல்தான் இருக்கிறது. தேயிலை வந்த பலகைப் பெட்டி. அப்பா துறைமுகத்திலிருந்து தோளில் சுமந்து வந்து கொடுத்தார். ஒரு பக்கத்தைச் சன்னல் மாதிரி அறுத்து, மேலும் கீழும் இரண்டு உருட்டுக்கட்டைகளைச் செருகினேன். பழைய நாள்காட்டித் தாள்களை நீளமாக ஒட்டி, அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் படம் வரைந்து கட்டைகளில் சுற்றினேன். ஒரு பிள்ளை மேல்கட்டையைத் திருகினால் படங்கள் ஒவ்வொன்றாகச் சன்னலில் ஏறி வரும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குச் சினிமாப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

யோசனை என்னுடையதில்லை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்தபோது, படம் காட்டும் வண்டி ஒன்று வந்தது. சன்னல்களைப் போர்வையால் மூடி, கூடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். கொசு ஒழிப்புப் படத்துக்கும் தடுப்பூசிப் படத்துக்கும் நடுவில் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் ஓடியது. ஆங்கிலச் சொற்களுக்குக் கையும் காலும் முளைத்து ஆடின, பாடின. பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாட்டாம். பாதி எனக்குப் புரியவில்லை. மெட்டு மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் எழுத்து படித்த முதல் ஆள் நான். இலக்கணத்தை அழுதுகொண்டு மனப்பாடம் செய்தவள். சொற்கள் இப்படிக் குதித்துக்கொண்டு வரலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஊருக்குத் திரும்பி, நான் படித்த பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம் அந்தப் பெட்டியைச் செய்தேன். பெயர்ச்சொல்லுக்கு, எதைக் கண்டாலும் பெயர்ச்சீட்டு ஒட்டும் குண்டு அம்மா. இடைச்சொல்லுக்கு, இரண்டு பேருக்கு நடுவே புகுந்து ஓடும் நண்டு. உரிச்சொல்லுக்கு, எதைப் பார்த்தாலும் மெச்சிக்கொண்டே இருக்கும் முத்து வியாபாரி. வினைச்சொல்லுக்கு யாரை வரைவது என்று நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எங்கள் மாமாவை வரைந்தது.

மாமா என் அத்தையின் கணவர். சங்கு குளிப்பவர்; கடலில் முங்கிச் சங்கு எடுக்கும் குளியாளி. எங்கள் கரையில், வள்ளத்தில் நின்று குளியாளியின் கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பது அவர் மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். தங்கையின் தாலி அறுவதற்கு எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற கணக்கு. ஆகையால் மாமாவுக்குக் கயிறு பிடித்தவர் என் அப்பா. நான் பயிற்சிக்குப் போன நாளில் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துப் பேருந்து நிலையம் வரை நடந்தவர் மாமாதான். அப்போது அவருக்குக் காது கேட்கும். நான் திரும்பி வருவதற்குள், ஆழத்தில் ஒரு நாள் இரண்டு காதும் உடைந்து, சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் சங்கு கழுவும் வேலைக்கு வந்துவிட்டார். காதில் எண்ணெய் தோய்த்த பஞ்சு எப்போதும் இருக்கும். அவர் குரல் உரத்துப்போனது. தான் சொல்வது தனக்கே கேட்காததால் ஒவ்வொன்றையும் கையால் செய்து காட்டுவார். முங்கியதைச் சொன்னால் கன்னத்தை உப்பவைத்துக் குனிவார். குளிரைச் சொன்னால் பல்லைக் கிட்டி நடுங்குவார். அவரைப் போல வினைச்சொல்லை உடம்பில் வைத்திருந்த ஆளை நான் பார்த்ததில்லை.

பாட்டு இதுதான்:

மூச்சைப் பிடி மாமா, முங்கு மாமா,
சங்கைப் பொறுக்கு மாமா, கயிற்றை ஆட்டு மாமா,
பஞ்சு வைத்த காது மாமா,
கூப்பிட்டால் கேட்காத மாமா.

முதல் இரண்டு வரியில்தான் பாடம் இருக்கிறது. பிடி, முங்கு, பொறுக்கு, ஆட்டு. பின் இரண்டு வரிகள் சிரிப்புக்காக நான் சேர்த்தவை. படத்திலும் காதை முறம் அளவுக்கு வரைந்து, பஞ்சை மேகம் மாதிரி வெளியே தள்ளவிட்டேன். வகுப்பு அதிர்ந்தது. அன்று அத்தனை பிள்ளைகளும் வினைச்சொல் கற்றுக்கொண்டார்கள். அதை நினைத்து வீட்டுக்கு நடந்து போகும்போது நான் தரையில் நடந்ததாக ஞாபகமில்லை.

மாமாவின் மகள் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அவர்கள் வீட்டில் பள்ளிக்கு வந்த முதல் பிள்ளை. கூர்மையானவள். நான் அவளுக்கு மாமன் மகள் என்பதால் வீட்டில் மைனி என்பாள், பள்ளியில் டீச்சர் என்பாள். இரண்டையும் அவள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. எல்லோரும் சிரித்தபோது அவள் சிலேட்டுக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்த படத்துக்குக் கட்டையைத் திருகச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் பாட்டு தெருவுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் மாமா கிட்டங்கியிலிருந்து வரும்போது பயல்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு வருவார்கள். 'பஞ்சு வைத்த காது மாமா' என்று கத்துவார்கள். மாமாவுக்கு அது கேட்காது. திரும்பிப் பார்ப்பார். பிள்ளைகள் கன்னம் உப்பியிருப்பதுதான் தெரியும். உடனே அவரும் கன்னத்தை உப்பவைத்துக் குனிந்து முங்குவார், சங்கு பொறுக்குவார், கயிற்றை ஆட்டுவார். பயல்கள் விழுந்து சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். காது போன பிறகு அவரோடு யாரும் நின்று பேசுவதில்லை. பிள்ளைகள் தன்னோடு விளையாட வருகிறார்கள் என்று நினைத்தார்.

அவள் என்னைத் தேடி வந்தது ஒரு சனிக்கிழமை. நான் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"மைனி, அந்தப் பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்க."

"எந்தப் பாட்டுளா?"

"தெரியாத மாதிரிக் கேக்கீங்க. எங்க அப்பா பின்னால பயலுவ ஓடுதானுவ. பால்கடை அண்ணாச்சியும் சேந்து பாடுதாரு."

"அது உங்க அப்பா இல்லளா. சும்மா ஒரு குளியாளி படம்."

"வேற எந்தக் குளியாளி காதுல பஞ்சு வச்சிருக்காவ?"

நான் துணியை உதறினேன். "திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வாராரு. அது முடியட்டும், பாப்போம்."

"முடிஞ்ச பொறவு பயலுவளுக்குப் பாட்டு மறந்திருமா?"

துணியைக் கொடியில் போட்டேன். "படிக்கிற பிள்ள இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்றேன். அவள் போனாள். எனக்கு நிறுத்தும் அதிகாரம் இருந்தது. நிறுத்தினால் அந்தப் படம் யாருடையது என்று ஒப்புக்கொண்டதாகும், திங்கட்கிழமை காட்டுவதற்கு என்னிடம் வேறொன்றும் இருக்காது. இரண்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டாவது வரிசையில் அவள் இடம் காலியாக இருக்க, பிள்ளைகள் பெட்டிக்கு முன்னால் எழுந்து ஆடினார்கள். பள்ளி ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பாடச் சொன்னார். வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் இதை அனுப்பலாம், பாட்டை எழுதிக் கொடுங்கள் என்றார். நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்கு வரியும், உள்ளபடியே.

செவ்வாயும் புதனும் அவள் வரவில்லை. வியாழக்கிழமை அத்தையைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். அத்தை உப்பளத்தில் உப்புச் சுமப்பவள்.

"வயித்துவலியெல்லாம் போயிட்டு. பள்ளிக்கொடத்துக்குப் போமாட்டேன்னு நிக்கா. சரி, சும்மா கெடப்பானேன்னு அளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்சம் கொஞ்சமா வாரிப் போடுதா."

"நாலாம் வகுப்புலயே நிப்பாட்டுதீங்களா, அத்த?"

"நானா நிப்பாட்டினேன்? அவகிட்டக் கேளு. ஒங்கிட்ட ஏதோ சொன்னாளாமே."

அளத்துக்கு ஒரு தடவை போன பெண்பிள்ளை பள்ளிக்குத் திரும்பியதை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. என்னோடு படித்த ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். உப்பு அரித்த அவர்களுடைய பாதங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடுதான் போனேன் என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில், அவளைத் திருப்பிக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமா என்னைக் கண்டதும் தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார்.

"வாளா மருமவளே. என்னையப் பாடத்துல வச்சிருக்கியாமே. பயலுவ பெட்டியக் காட்டிக் காட்டிச் சொன்னானுவ. அன்னைக்குச் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். நான்தான் அது. காதுதான் கொஞ்சம் பெருசு."

தன் காதுக்கு இரண்டு பக்கமும் கையை முறம் போல் விரித்துக் காட்டிச் சிரித்தார். மகள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அது உங்க அப்பா இல்லை என்று நான் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆட்டம் தெரியுது. பாட்டு என்ன சொல்லுதுன்னுதான் தெரியல. ஒரு தாள்ல எழுதிக் குடுளா. இவ வாசிச்சு எனக்குக் கையில காட்டுவா. எங்க வீட்டுலயும் ஒரு படிச்ச ஆளு இருக்கால்லா."

அவளுடைய நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலும் எடுத்துக் கொடுத்தார். மடியில் வைத்து எழுதினேன். முதல் இரண்டு வரிகள் ஓடி வந்தன. மூன்றாவது வரியில் பென்சில் நின்றது. மாமா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாதவர் எழுதும் கையைப் பார்க்கிற பார்வை அது. என் அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார். அந்தக் கையை முழுவதும் நம்புகிற பார்வை.

'பாரைப் பார்த்த கண்ணு மாமா, கூப்பிடும் முன்னே வரும் மாமா' என்று எழுதினேன். பார் என்றால் கடலுக்கடியில் சங்கும் சிப்பியும் கிடக்கிற திட்டு. அதை வள்ளத்தில் இருந்தே கண்டுபிடிக்கிறவனுக்குக் கரையில் மரியாதை அதிகம்.

தாளை அவளிடம் நீட்டினேன். அவள் வாசித்தாள். கண் மூன்றாவது வரியில் நின்றது, மேலே போனது, மறுபடி இறங்கியது. பிறகு என்னைப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளை. அந்த ஒரு நிமிடத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். தாளைக் கிழித்திருக்கலாம், காதைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். மாமா முழங்காலில் கையூன்றிக் காத்திருந்தார்.

அவள் எழுந்து நின்று கன்னத்தை உப்பவைத்தாள். முங்கினாள். சங்கு பொறுக்கினாள். கயிற்றை ஆட்டினாள். பிறகு இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வைத்து, தூரத்துக் கடலைக் காட்டி, அப்பாவைக் காட்டினாள். கடைசியில் கையை வாயில் குவித்துக் கூப்பிடப் போகிறவள் போல நின்று, கூப்பிடும் முன்னே ஓடிவந்து அப்பா முன்னால் நின்றாள்.

மாமா தொடையில் ஓங்கித் தட்டினார். "சரியாச் சொல்லியிருக்கியே, மருமவளே. ஒங்கப்பன் கயித்த இழுக்குமுன்ன நான் மேல வந்திருவேன். கேட்டுப் பாரு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பக்கம் திரும்பினார். "நாளைக்கே பள்ளிக்கொடத்துக்குப் போளா. அப்பன் பாட்ட அங்கன எல்லாரும் பாடுதாவ, நீ அளத்துல நிக்கே."

வாசல் வரை அவள் என்னோடு வந்தாள். "நாளைக்கு வாரேன், டீச்சர்" என்றாள். வீட்டில் வைத்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாமாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப்போனார். நான் கேட்டுப் போனது கிடைத்துவிட்டது. படத்தில் பஞ்சின் மேல் கறுப்பு மை தடவி முடியாக்கினேன். புதிய வரிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "தப்பு டீச்சர், பாட்டு அப்படி இல்ல" என்று அவர்கள்தான் என்னைத் திருத்தினார்கள். ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஏன் மாற்றினாய் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எழுதவில்லை. அடுத்த வருடம் தருவைகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, யாரென்றே தெரியாத பிள்ளைகள் பஞ்சு வைத்த காது மாமாவைப் பாடிக்கொண்டு கடற்கரையில் ஓடினார்கள். நல்ல பாட்டு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

எங்கள் தெருவில் பயல்களுக்கு அது முதல் வருடம் கிறிஸ்துமஸுக்குள்ளேயே சலித்துவிட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் மாமா கிட்டங்கி முடிந்து வரும்போது தெருமுனையில் நின்று பார்ப்பார். யாராவது பயல் வந்தால் அவரே முதலில் கன்னத்தை உப்பவைப்பார். அவன் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. உயர்நிலைப் பள்ளியில் அவள் தமிழ்க் கட்டுரையைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். என்னிடம் மரியாதையாக இருக்கிறாள். பண்டிகைக்கு வந்தால் டீச்சர் என்று கூப்பிட்டுப் பலகாரம் வைத்துவிட்டுப் போவாள். மைனி என்று அவள் அதற்குப் பிறகு கூப்பிட்டதில்லை. அந்தத் தாளைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதும் இல்லை.

மாமா அதை நாலாக மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைக் கண்டால், எத்தனை பேர் நின்றாலும், இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வைத்துத் தூரத்தைக் காட்டுவார். பிறகு கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு எனக்காகக் காத்து நிற்பார். பக்கத்தில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் கன்னத்தை உப்பவைப்பேன்.