நல்வேளையும் நாய்வேளையும்

நல்வேளையும் நாய்வேளையும் கடுகுக்குத் தூரத்துச் சொந்தம். வெள்ளைப் பூ பூத்தால் நல்வேளை, மஞ்சள் பூத்தால் நாய்வேளை. பூவைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியும். ஆனால் தலையில் கோத்த நீருக்கு வைத்துக் கட்டும் இலையை, செடி பூப்பதற்கு முன்பே பறித்துவிட வேண்டும். அந்த வயதில் இரண்டும் ஒரே ஜாடை. நாய்வேளைத் தண்டு விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் என்பார்கள். சொல்கிறவர்கள் எண்ணூர்ப் பக்கம் வந்து தொட்டுப் பார்க்கட்டும். அங்கே எந்தச் செடியைத் தொட்டாலும் கையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் வரும்.

அப்புறம் இருப்பது மூக்கு மட்டும்தான். நல்வேளையைக் கசக்கினால் அரைத்த கடுகின் நெடி சுருக்கென்று ஏறும். நாய்வேளையில் அந்த நெடிக்கு அடியில் ஒரு கெட்ட வாடை ஒட்டிக்கொண்டிருக்கும். என் அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். சின்ன வயதில், வியாசர்பாடியில் தண்டவாள ஓரம் நான் பறித்து வருவதை மோந்து பார்த்து, பாதியை என் மேலேயே வீசுவாள். அவள் மூக்கின் மேல் எனக்குப் பொறாமைகூட உண்டு.

பிறகு அவள் எண்ணூர் நெட்டுக்குப்பத்து மீன்பிடிக்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போனாள். மாமா பிடிக்கிறார், அவள் கூடையில் வைத்து விற்கிறாள். போன நாளிலிருந்து தும்மல், பிறகு தலைபாரம். இடத்தை மாற்றிப் பாருங்கள் என்றார் டாக்டர், சட்டையை மாற்றச் சொல்வதுபோல. உச்சந்தலையில் நல்வேளையை வைத்துத் துணியால் கட்டினால் கொஞ்சம் தாங்குகிறது. அந்த இலையும் நான் கொண்டுபோனால்தான்.

போகும்போதெல்லாம், இந்தக் காற்றில் உன் மூக்கே போய்விடும், எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்பேன். ஒருநாள் எரிச்சலில் அவளே பந்தயம் கட்டினாள்.

"என் மூக்கு நல்லாத்தான்டா கீது. அடுத்த வாட்டி வரும்போது ரெண்டையும் கசக்கிக் குடு, பிரிச்சிச் சொல்றேன். சொல்லாட்டி உன் கூடவே வந்துடறேன். போதுமா?"

மழை விட்டதும் பையில் இலையோடு போனேன். மாமா வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடினாள். நான் கசக்கி, அவளுடைய இரண்டு கையிலும் வைத்தேன். இரண்டுமே நல்வேளை. எனக்குச் சந்தேகம் இருந்தது, அதைத் தீர்த்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

இடது கையை மோந்தாள். வலது கையை இன்னும் நேரம் எடுத்து மோந்தாள்.

"இது நல்லது. இது நாயி," என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ரெண்டும் ஒண்ணுதான்கா," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கண்ணைத் திறந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெர்லடா. ரொம்ப நாளாவே தெர்ல. மீன் கெட்டுப்போச்சான்னுகூட, வாங்க வர்றவங்க மூஞ்சியப் பார்த்துத்தான் தெரிஞ்சிக்கினுகீறேன்."

மாமாவின் கை வலையிலேயே நின்றுவிட்டது. "என்னாண்ட சொல்லவே இல்லியே," என்றார்.

"சொன்னா? கடலைத் தூக்கிகினு வேற ஊருக்குப் போயிடுவியா?"

அவர் மறுபடி வலைச் சிக்கில் குனிந்துகொண்டார். நானாவது விடாப்பிடியாக நின்றிருக்கலாம். பந்தயம் பந்தயம்தான், கிளம்பு என்றேன். அந்த வீட்டில் அது எனக்கே கேலியாகக் கேட்டது. யாரை விட்டுவிட்டு, எதை விற்றுப் பிழைக்க, எங்கே கிளம்புவாள்?

"சாயங்காலம் ஏவாரம் கீதுடா. கட்டி வுடு," என்று என் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். இலையை உச்சியில் வைத்துத் துணியை இறுக்கிக் கட்டினேன். வாய் வரைக்கும் வந்த வசவை, யார் மேல் போடுவது என்று தெரியாமல் விழுங்கினேன்.

பக்கத்தில் சாயங்காலத்துக்கான கூடை இருந்தது. எழும்போது அதிலிருந்து ஒரு வாடை என் மூக்கில் ஏறியது. மேலே கிடந்த சங்கரா மீன்கள் கெட்டுக்கொண்டிருந்தன. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

அக்கா கூடையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.