அசல் கையெழுத்து செல்லாது

துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கும் அவளை எல்லோரும் தையல் அத்தை என்பார்கள். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். குண்டூசி இல்லாத நேரத்தில் தம்பியைப் பற்றிய வசவு இருக்கும். துணிக்குவியலுக்கு அடியில் போன் கத்தினாலும் எடுக்க மாட்டாள். இருபது வருஷமாக அடுத்தவர் பேண்ட்டைக் குட்டையாக்கி, இடுப்பைப் பிரித்துச் சரிசெய்தவள். சரிசெய்ய முடியாத ஒரே உருப்படி தம்பிதான் என்பாள்.

தம்பி வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகன். ஊரார் வீட்டுச் சாவியெல்லாம் அவன் பையில். சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. அவன் மனைவிக்கு வெளியூரில் வேலை. வந்தாலும் போனோடுதான் குடித்தனம். நடுவில் பதினாறு வயதில் ஒரு பெண். தானே சமைத்து, தானே கதவைப் பூட்டி, காய்ச்சல் வந்தால் தானே மாத்திரை போட்டுக்கொண்டு வளர்ந்தவள். எதைக் கேட்டாலும் ஒரே பதில், "பரவாயில்ல."

"சமர்த்துக் குட்டி, தொந்தரவே கிடையாது" என்று பெற்றவர்களுக்குப் பெருமை வேறு! அந்தச் சமர்த்துக் குட்டிக்குத் தூக்கம் கிடையாது, நகத்தைச் சதை தெரியக் கடித்துவைத்திருந்தாள், போன மாதம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். மனநல ஆலோசகரிடம் அனுப்ப அப்பாவின் கையெழுத்து வேண்டுமென்று பள்ளியில் படிவம் கொடுத்தார்கள். அத்தை தம்பியின் காரை மறித்து, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கினாள்.

மறுநாளே படிவம் திரும்பி வந்தது. 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை. தந்தை நேரில் வரவும்.'

அத்தைக்கு வந்ததே கோபம்! தம்பியை இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பு டீச்சர் பழைய ரேங்க் கார்டு, லீவு லெட்டர்களையெல்லாம் மேஜையில் பரப்பினார். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் ஒரே அழகான கையெழுத்து.

"இதெல்லாம் நீங்க போட்டதுதானே சார்?"

தம்பி திருதிருவென்று விழித்தான். அதில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

"நான் போட்டது மிஸ்," என்றாள் பக்கத்தில் நின்ற பெண். "அப்பா பிஸி. திட்டாதீங்க அத்தை, பரவாயில்ல."

"எது பரவாயில்ல? அஞ்சு வருஷமா உனக்கு நீயே அப்பனா இருந்திருக்க! டேய், ஊர்ப் பத்திரத்துக்கெல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போடறியே, பெத்த பொண்ணுக்குப் போட மட்டும் கை சுளுக்கிக்கிச்சா?"

டீச்சர் கண்ணெதிரே அவன் இன்னொரு முறை கையெழுத்துப் போட்டான். உடனே போன் அடித்தது. "ஒரு நிமிஷம்க்கா" என்று வெளியே போயே விட்டான்! இவனை என்னதான் செய்வது?

டீச்சர் படிவத்தைத் திருப்பினார். "அவசரம்னா யாருக்குப் போன் பண்றது?"

"யாருக்கும் வேண்டாம் மிஸ்."

"என் நம்பரை எழுதுங்க," என்றாள் அத்தை.

பெண் அவளை நேராகப் பார்த்தாள். குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை.

"நீங்க எடுக்க மாட்டீங்களே அத்தை. அன்னிக்கு மயக்கம் தெளிஞ்சதும் உங்களுக்குத்தான் மூணு தடவ அடிச்சேன். பரவாயில்ல."

வாயில் ஒரு குண்டூசிகூட இல்லை. ஆனாலும் அத்தைக்குப் பேச்சு வரவில்லை.